ஊக்க மருந்து

ஜனவரி 4, ஞாயிறு

இந்த டைரியை என் தம்பி தயாளன் கொடுத்தான். "அக்கா, நாள் பூரா பேசிக்கினே இருக்கியே, பாதியை இதுல எழுது. என் காது கொஞ்சம் பொழைக்கும்" என்றான். நான்காம் வகுப்போடு நின்றவளுக்கு டைரி! வாங்கிக்கொண்டேன். முன்னூற்று அறுபத்தைந்து பக்கம் இருக்கிறது. அவன் என்னைக் குறைத்து எடை போட்டுவிட்டான்.

என் பெயர் செங்கமலம். வயது நாற்பத்தாறு. கேட்கிறவர் முகத்தைப் பார்த்து இரண்டு மூன்று குறைத்துச் சொல்வேன். வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட் ஓரத்தில் என் இஸ்திரி வண்டி நிற்கிறது. எந்த வீட்டு ஐயாவுக்குத் தொப்பை எவ்வளவு கூடியிருக்கிறது என்பது அவர் மனைவிக்கு முன்னால் எனக்குத் தெரியும். பேண்ட் சொல்லிவிடும்.

என் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பெட்டியை வைப்பதற்கு முன்னால் பாக்கெட்டைத் தடவிப் பார்க்க வேண்டும். சாவி, பேனா, பஸ் டிக்கெட், ஒரு முறை ஒரு பல்செட். எது கிடைத்தாலும் ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்துத் துணியோடு திருப்பிக் கொடுத்துவிடுவேன். பல்செட்டைக் கொடுக்கும்போது மட்டும், "ஐயா, இதுக்குக் கஞ்சி போடணுமா, சும்மா தேய்ச்சா போதுமா?" என்று கேட்டேன். அந்த ஐயா இப்போதும் என்னைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார்.

அம்மா போனபோது தயாளனுக்கு எட்டு வயது. இப்போது முப்பத்தொன்று. டி.ஜே. வேலை. முதலில் கல்யாணம், காதுகுத்து. இரண்டு வருடமாக ஈசிஆர் கடற்கரை ரோட்டுப் பக்கம் பெரிய ரிசார்ட்டுகள். இரண்டு தட்டைச் சுற்றுகிறான், ஆயிரம் பேர் ஆடுகிறார்கள். நானும் தினம் தோசைக்கல்லில் சுற்றுகிறேன். ஒருத்தரும் ஆடுவதில்லை.

ஜனவரி 14, புதன்

போகி. விடியற்காலையில் வேலை முடித்து வந்த தயாளன் தூங்கவே இல்லை. நான் எழுந்து பார்த்தால் வீடு கழுவியாயிற்று, ஃபேன் இறக்கைகள் துடைத்தாயிற்று, பாத்திரமெல்லாம் கண்ணாடி. என் வண்டியின் சக்கரத்துக்குக்கூட எண்ணெய் விட்டிருக்கிறான்.

வாட்ச்மேன் துரைக்கண்ணு அண்ணன் கேட்டார். "உன் தம்பி மனுசனா மிஷினா கமலம்? நேத்து போறப்போ பார்த்தேன், காலைல வர்றப்போ பார்த்தேன், இப்பவும் ஓடிக்கினு கீறான்."

"உன் புள்ள மாதிரி கவுந்து படுத்துக்கினு செல்லு நோண்டுற ஜாதி இல்ல அண்ணே அவன். ரெண்டு மணி நேரம் தூங்குனா அவனுக்குப் போதும்."

அண்ணன் தொப்பியைக் கோணலாக மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டார். சொல்ல என்ன இருக்கிறது?

ஜனவரி 21, புதன்

இன்று தயாளனின் சட்டையைத் தேய்க்க எடுத்தேன். சட்டப்படி பாக்கெட்டைத் தடவினேன். ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறை. உள்ளே கற்கண்டை நுணுக்கியது போல ஏதோ. கூடவே ஒரு மஞ்சள் மாத்திரை, அதன்மேல் கிரீடம் பதித்திருந்தது.

"இன்னாடா இது, கோயிலுக்குக் கற்கண்டா?"

அவன் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு சிரித்தான். "அது ஊக்க மருந்துக்கா. கண்ணு முழிச்சு வேலை செய்யறவங்க எடுக்கிறது."

"மாத்திரை?"

"அதுவும் அந்த மாதிரிதான். வேற கம்பெனி."

"ரெண்டையும் சேர்த்தா சாப்பிடுவ?"

"ஒண்ணு காலுக்கு, ஒண்ணு மனசுக்கு. குடு அக்கா."

பாட்டிலில் போடாமல் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

ஊக்கம் என்றால் எனக்கு உயிர். நான்காம் வகுப்பில் எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து வாயில் கவ்விக்கொண்டு ஓடும் போட்டி. ஒன்பது பேரில் எட்டாவதாக வந்தேன். ஒன்பதாவது பெண்ணுக்குக் காலில் கட்டு. அப்படியும் எனக்கு ஊக்கப் பரிசு என்று ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள். வாழ்க்கையில் நான் வாங்கிய பரிசு அது ஒன்றுதான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு மருந்து கெட்டதாக இருக்குமா?

சாயங்காலம் கேட்டில் மூன்று பேரிடம் சொன்னேன், என் தம்பி ஊக்க மருந்து சாப்பிட்டு உழைக்கிறான் என்று. சி பிளாக் இன்ஜினியர் அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தேய்க்காத புடவையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். பொறாமை. அவர் பையனுக்கு ஊக்கமே கிடையாது, பேண்டைப் பார்த்தாலே தெரியும். உட்காருகிற இடம் மட்டும் தேய்ந்திருக்கும்.

ஜனவரி 30, வெள்ளி

தயாளன் மிக்சியைப் பிரித்துவிட்டான். ரிப்பேர் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்குருக்களைச் சின்னதிலிருந்து பெரியது வரைக்கும் பாயில் வரிசையாக அடுக்கினான். கலைத்தான். மறுபடி அடுக்கினான். நான் வண்டிக்குப் போய் இரண்டு வீட்டுத் துணி முடித்து வந்து பார்த்தாலும் அதே வேலை.

"டேய், சட்னி அரைக்கணும்டா."

"இரு அக்கா. இன்னும் ஒண்ணே ஒண்ணு சரியா வரல."

பல்லை நறநறவென்று அரைத்துக்கொண்டே இருந்தான். "மிக்சி இல்லாத குறைக்கு உன் வாயில தேங்காயைப் போடட்டுமா?" என்றேன். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

கவனம் என்றால் இதுதான் கவனம். ஒரு வேலையில் நாலு மணி நேரம் உட்கார இந்தக் காலத்தில் யாரால் முடிகிறது? மிக்சி இன்னும் பாயில்தான் இருக்கிறது. அம்மியில் அரைத்தேன். கைக்கு நல்லது.

பிப்ரவரி 3, செவ்வாய்

மூட்டைப்பூச்சி. தயாளனுக்குக் கையெல்லாம் சொறிந்து ரத்தம். "தோலுக்கு உள்ள ஊருதுக்கா" என்கிறான். மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டினேன். ஒரு பூச்சியும் விழவில்லை. இருக்கும், என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. வேப்பெண்ணெய் தடவினேன்.

துரைக்கண்ணு அண்ணன் நோட்டில் இவனைப் பற்றி எழுதி யாருக்கோ அனுப்புகிறாராம். "அது வர்றவங்க போறவங்க பேரு எழுதுற நோட்டுடா. அந்த மனுசனுக்குத் தன் பேரையே தப்பில்லாம எழுத வராது. அவரு உன்னைப் பத்தி என்னத்தை எழுதப் போறாரு?" என்றேன். காதில் ஏறவில்லை. ஜன்னலில் என் பழைய புடவையைக் கட்டி மறைத்தான். டீயை மோந்து பார்த்த பிறகுதான் குடித்தான்.

பெரிய ஆள் ஆகும்போது கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும். நாலு பேர் கண் படுகிறது.

அவன் மூன்று நாளாகத் தூங்கவில்லை. நான் எண்ணவில்லை, சும்மா தெரியும்.

பிப்ரவரி 9, திங்கள்

இரண்டு நாள் தூங்கினான். நடுவில் எழுந்து ஒரு பானைச் சோற்றைத் தின்றுவிட்டு மறுபடி படுத்தான். இன்று காலை கண்ணைத் திறந்தவன் அழுதான். எதற்கு என்று கேட்டேன். "தெரியலக்கா. எதுலயும் ருசி இல்ல. பாட்டு கேட்டாகூட சத்தமாத்தான் கேக்குது, பாட்டா கேக்கல" என்றான்.

கோழி ரசம் வைத்தேன். பாதி குடித்தான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

தயாளன் அதே மாதிரி ஓர் உறையை என் கையில் கொடுத்தான். உள்ளே கற்கண்டு மட்டும், இன்னும் பிரிக்கவே இல்லை.

"தூக்கிப் போடுக்கா. கால்வாயில போட்டுடு. இனிமே எனக்கு வேணாம்."

"ஏன்டா, உடம்புக்கு ஒத்துக்கலியா?"

"மனசு நம்மளுது இல்லாத மாதிரி ஆயிடுதுக்கா. வேற எவனோ உள்ள உக்காந்து ஓட்டுறான்."

சரி என்றேன். தலையில் கை வைத்தேன், காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லாமலே இப்படிப் பேசுகிறான்.

உறையை ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடினேன். நல்ல மருந்தை யாராவது கால்வாயில் போடுவார்களா? உடம்பு தேறியதும் அவனே கேட்பான். பாக்கெட்டில் இருந்ததைத் திருப்பிக் கொடுப்பதுதானே என் சட்டம்.

பிப்ரவரி 14, சனி

இன்று ஈசிஆரில் பெரிய நிகழ்ச்சி, சாயங்காலம் நாலு மணிக்கு. ரோட்டில் பேனர் கட்டியிருக்கிறார்கள். துரைக்கண்ணு அண்ணன் செல்லில் படம் பிடித்து வந்து காட்டினார். என் தம்பியின் முகம் ஆள் உயரத்துக்கு. கீழே பெயர். ரிசார்ட்டின் பெயரைவிட என் தம்பியின் பெயர்தான் பெரியது. விரல் வைத்து அளந்து பார்த்தேன். கேட்டைத் தாண்டிய ஒருவரையும் விடவில்லை, எல்லாருக்கும் காட்டினேன். கூரியர்காரர் இரண்டு முறை பார்த்தார்.

ஆனால் காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. "போகலக்கா. என்னால முடியல. வேற ஆளை வெச்சுக்கச் சொல்லிடு." சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கறுப்புச் சட்டையை எடுத்துத் தேய்த்தேன். காலர் கத்தி மாதிரி நின்றது. பிறகு டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை தூக்கலாக. குடித்தான். அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தான். ஒரு மணி நேரத்தில் பாட்டு முனகிக்கொண்டே குளித்தான். கிளம்பும்போது, "உன் டீல இன்னாக்கா இருக்கு?" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான்.

என் டீ அப்படி.

ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆஸ்பத்திரி. மேடையிலேயே விழுந்துவிட்டானாம். கொண்டுவந்து போட்ட நண்பர்களில் ஒருவன் மட்டும் நின்று சொன்னான். "ரெண்டு கிரீட மாத்திரை போட்டான்கா. எனர்ஜி டிரிங்க் நாலு கேன். அவ்ளோதான், சத்தியமா." திரும்பிப் பார்ப்பதற்குள் அவனும் இல்லை.

உடம்பைத் தொட்டால் இஸ்திரிப் பெட்டி. அக்குளிலும் தொடையிலும் ஐஸ் வைத்தார்கள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டர் நஸ்ரீன், சின்னப் பெண்தான், என் தோளைப் பிடித்துக் கேட்டார். "அம்மா, வேற ஏதாவது எடுத்தாரா? தெரிஞ்சா சொல்லுங்க."

"தெரியாதும்மா."

"காலைல என்ன சாப்பிட்டார்?"

"டீ."

டீ குடித்தான் என்றுதான் சொன்னேன். அது பொய் இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

கண் திறந்தான்! முதல் வார்த்தை "அக்கா". நர்ஸ் அம்மாவிடம் சொல்லி அந்த நேரத்தையும் எழுதச் சொன்னேன். அதெல்லாம் சார்ட்டில் எழுத மாட்டார்களாம். இங்கே எழுதுகிறேன்: காலை ஒன்பது இருபது.

டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். "ரத்தம், சிறுநீர் ரெண்டுலயும் மூணு விதமான சரக்கு இருக்கும்மா. மாத்திரை, கேன்ல இருக்கிறது, அப்புறம் கற்கண்டுக் கல்லு மாதிரி ஒண்ணு. எல்லாமே ஊக்கமருந்து."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அது நல்லதுதானே டாக்டரம்மா? உழைக்கிறவங்க எடுக்கிறது?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கவா அழவா என்று அவருக்கே தெரியவில்லை. "இதுக்கு அந்தப் பேரை வெச்ச ஆளை நானும் தேடிக்கிட்டிருக்கேம்மா" என்றார்.

பிறகு விளக்கமாகச் சொன்னார். மூளையில் சந்தோஷத்துக்கும் சுறுசுறுப்புக்கும் சில சுரப்புகள் இருக்கின்றனவாம். நாலு நல்லது நடந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊறும். இந்தச் சரக்கு மொத்தத்தையும் ஒரே அடியில் கொட்டவைக்கும். ஒன்றின்மேல் இன்னொன்றைப் போட்டால், ஒன்றும் ஒன்றும் இரண்டு ஆகாது, ஐந்தாகவும் ஆகும், பத்தாகவும் ஆகும். தூக்கம் வராது. பல் கிட்டிக்கும். தோலுக்குள் பூச்சி ஊரும். ஒரு பொருளைப் பிரித்துப் பிரித்து அடுக்கத் தோன்றும். எல்லாரும் தன்னையே பார்ப்பது போல இருக்கும். தீர்ந்து போனதும், அடியில் ஒன்றுமில்லாமல் ஆள் அப்படியே விழுந்துவிடுவான். இதயத்துக்கும் உடம்புச் சூட்டுக்கும் மட்டும் கணக்கே கிடையாதாம், சூடு எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும், இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கும்.

எனக்குப் புரிந்தது. ஒரே சட்டைமேல் இரண்டு பெட்டியைச் சேர்த்து வைப்பது. சுருக்கமெல்லாம் போய்விடும், சட்டை பளபள என்று தெரியும். பெட்டியை எடுக்கும்போதுதான் துணியும் கூட வரும்.

மிக்சி, மூட்டைப்பூச்சி, ஜன்னலில் கட்டிய புடவை. ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அதற்கெல்லாம் நான் கேட்டில் நின்று கைதட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 18, புதன்

தயாளன் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறான். மாத்திரையைத் துப்புகிறான். கையில் ஏற்றியிருந்த குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிவிட்டான். பார்க்கிறவரிடமெல்லாம் ஒரே பேச்சு. "யாரோ என் டீயில கலந்துட்டாங்க. கசந்துது. கல்லை நான் நிறுத்திட்டேன் டாக்டர். நான் எடுக்கவே இல்ல. யாரோ கலந்துட்டாங்க."

டாக்டர் நஸ்ரீன் சார்ட்டில் எழுதினார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார்.

"ரத்தத்துல அந்தக் கல்லு தெளிவா இருக்கும்மா. இவர் எடுக்கவே இல்லைங்கறார். டீயில விஷம் வெச்சாங்கங்கறது இந்தச் சரக்கோட வழக்கமான பயம்தான். ஆனா இவ்வளவு உறுதியா சொல்றதைப் பார்த்தா எனக்குக் கவலையா இருக்கு. ஒருவேளை சாகணும்னே எல்லாத்தையும் சேர்த்து எடுத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை மனநலப் பிரிவுக்கு மாத்தறோம். பூட்டின வார்டு. ஊசியும் கொஞ்சம் பெருசா போடணும். எத்தனை நாள்னு இப்பச் சொல்ல முடியாது."

உள்ளே போனேன். கை இரண்டையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். என் தம்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீயாவது சொல்லு. நான்தான் அன்னிக்கே குடுத்துட்டேனே. நீதானே தூக்கிப் போட்ட?"

தண்ணீர் பிடிக்க பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பாட்டில் நிரம்பித்தான் இருந்தது.

பிப்ரவரி 19, வியாழன்

வண்டி போடவில்லை. துரைக்கண்ணு அண்ணன் ஆஸ்பத்திரிக்கே வந்தார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு.

"இன்னா கமலம், நான் வந்து பத்து நிமிஷம் ஆகுது. என் தொப்பியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல நீ. உடம்பு சரியில்லியா?"

தொப்பியைப் பார்த்தேன். பின்பக்கம் முன்னால் இருந்தது. வாழைப்பழத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பதினான்காம் தேதி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். சர்க்கரை மட்டும் போடவில்லை.

பேனரை எத்தனை பேருக்குக் காட்டிவிட்டேன்! அவன் போகாவிட்டால் நாளைக்கு அவர்கள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? அதுதான் அன்றைக்கு என் மனதில் இருந்தது. ஊக்கம் கொடுத்தால் எழுந்துகொள்வான் என்று கொடுத்தேன். உறையில் இருந்தது மொத்தமும்.

சொன்னால் கேஸ் ஆகும். ஜெயில்கூட ஆகலாம். சொல்லாவிட்டால் என் தம்பி பைத்தியம்.

பிப்ரவரி 20, வெள்ளி

காலை பத்து மணிக்குச் சக்கர நாற்காலி வந்தது. இரண்டு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள். தயாளன் கத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை. கத்திக் கத்தி ஓய்ந்து, "யாரோ கலந்துட்டாங்க" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன்.

"டாக்டரம்மா, நிறுத்துங்க. என் தம்பி பைத்தியம் இல்ல. அவன் சொல்றது நெசம். டீயில கலந்தது நான்தான்."

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. டாக்டர் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை.

"என்ன கலந்தீங்க?"

"அந்தக் கல்லு. பத்தாம் தேதி அவன்தான் எங்கிட்ட குடுத்தான், தூக்கிப் போடச் சொன்னான். நான் போடல. பதினாலாம் தேதி காலைல பத்தரை மணிக்கு, வெறும் வயித்துல, உறையில இருந்த அத்தனையும் கரைச்சுக் குடுத்தேன். ஒரு சிட்டிகை இருக்கும். அவனுக்குத் தெரியாது. மத்ததை அங்க போய் அவனே போட்டுக்கினான். அது அவன் தப்பு. இது என் தப்பு."

பிறகு நாற்காலியிலிருந்து என் தம்பி கத்தினான். "சொன்னேன்ல! டாக்டர், சொன்னேன்ல நானு!" சிரித்தான், அழுதான், இரண்டையும் சேர்த்துச் செய்தான். பக்கத்துக் கட்டில் பெரியவர் கைதட்டினார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

தயாளன் என்னைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. "நீயாக்கா?" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

டாக்டர் சார்ட்டில் இரண்டு வரியை அடித்தார். "பூட்டின வார்டு வேண்டாம், இங்கயே பார்க்கலாம்" என்று நாற்காலியைத் திருப்பி அனுப்பினார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "பத்தாம் தேதி அவரா குடுத்தார்? யாரும் சொல்லாம, தானாவே?"

"ஆமாம்மா. வேற எவனோ உள்ள உக்காந்து ஓட்டுறான்னு சொன்னான்."

"அந்த வார்த்தையை ஒருத்தர் வாயிலிருந்து வரவைக்க எனக்கு மாசக்கணக்கா ஆகும்மா. இவர் வீட்டிலயே சொல்லியிருக்கார். முழுசா நிறுத்தல, வழுக்கிட்டார். ஆனா அந்த இடம் வரைக்கும் தானா வந்திருக்கார். அது பெரிய விஷயம்."

இருபத்துமூன்று வருடமாக இவனைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். நிஜமாகவே பீற்ற வேண்டிய அந்த ஒரு பேச்சை மட்டும் பாட்டிலில் போட்டு மூடிவைத்துவிட்டேன்.

மத்தியானம் போலீஸ் ஏட்டையா வந்தார். டாக்டர் சொல்லித்தான் வந்தார். அவரால் மறைக்க முடியாதாம், தெரியாமல் செய்தது என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறாராம்.

"நீ சொல்லும்மா, நான் எழுதிக்கிறேன். கடைசியில கைநாட்டு வெச்சிரு."

"கைநாட்டா? பேனாவைக் குடுங்க ஏட்டையா."

ஒன்றரைப் பக்கம் நானே எழுதினேன். தேதி, நேரம், வெறும் வயிறு, சிட்டிகை எல்லாம். ஏட்டையா படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல உனக்குக் கேஸ் வரலாம், தெரியும்ல?"

"தெரியும். அதுக்குத்தான் நானே எழுதினேன். நீங்க ஏதாவது குறைச்சுக் கிறைச்சு எழுதிட்டீங்கன்னா, என் தம்பி திரும்பவும் பொய்க்காரன் ஆயிடுவான்ல?"

கையெழுத்துப் போட்டேன். செங்கமலம். "ங்" கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. பரவாயில்லை, பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும்.

மார்ச் 3, செவ்வாய்

வீட்டுக்கு வந்து ஐந்து நாள். கேஸ் விசாரணையில் இருக்கிறது, கூப்பிடும்போது போக வேண்டும். இஸ்திரி போட்ட புடவை ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்குப் போனாலும் மடிப்புக் கலையாமல் போவேன்.

தயாளன் கொஞ்சம் பேசுகிறான், நிறைய மறக்கிறான். நேற்று சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "இதுக்கு இன்னாக்கா பேரு?" என்றான். மாதக்கணக்கு ஆகலாம், பொறுமையாக இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாரம் ஒரு முறை கவுன்சிலிங். முதல் முறை அவனே பஸ் பிடித்துப் போய் வந்தான்.

ஆனால் நான் எதைக் கொடுத்தாலும் முதலில் நான் குடிக்க வேண்டும். அவன் வாயால் சொல்வதில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு என்னைப் பார்ப்பான். நான் ஒரு மடக்குக் குடித்துக் காட்டுவேன். பிறகு அவன். டீ, தண்ணீர், ரசம், எல்லாம். அவன்மேல் தப்பில்லை. இந்தப் பயம் மட்டும் மருந்து கொடுத்தது இல்லை, நான் கொடுத்தது.

கேட்டில் அந்த மூன்று பேரையும் தேடிப் பிடித்தேன். இன்ஜினியர் அம்மாவிடம் நேராகவே சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா. அது ஊக்கம் குடுக்கிற மருந்து இல்ல. அடுத்த மாசத்து ஊக்கத்தையும் இன்னிக்கே உருவிக்கினு போற மருந்து. ரெண்டைச் சேர்த்துப் போட்டா ஆளையே உருவிடும். என் தம்பி அதைத் தானாவே வேணாம்னு குடுத்தான். அறிவு கெட்டுப்போய் நான்தான் திருப்பிக் குடுத்தேன்."

அந்த அம்மா கையிலிருந்த பையை வண்டியில் வைத்தார். பையனுடைய பேண்டுகள். "பாக்கெட்டைப் பார்த்துட்டுத் தேய்ங்க கமலம்" என்றார். "எதுவா இருந்தாலும் எங்கிட்டயே குடுங்க."

மார்ச் 15, ஞாயிறு

மத்தியானம் வெயில் தாங்காமல் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், அடுப்படியில் தயாளன். டீ போடுகிறானாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவனாக அடுப்பைப் பற்றவைத்தது இன்றுதான்.

"உக்காரு" என்றான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுவந்தான். என் முன்னால் வைத்தான். என் பழக்கத்தில் ஒரு மடக்குக் குடித்துக் காட்டப் போனேன். தடுத்தான்.

"அது உனக்குத்தான். முழுசும் நீயே குடி. நான் ஒண்ணும் கலக்கல."

அவன் சொன்ன தொனியில் ஒரு கிண்டல் இருந்தது. ஒரு மாதம் கழித்து என் தம்பி என்னைக் கிண்டல் செய்கிறான்! நான் எட்டிப் பார்க்கவில்லை, மோந்து பார்க்கவில்லை. எடுத்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்தேன்.

"எப்படிக்கா இருக்கு?"

வெந்நீரும் பாலும். வேறு எதுவும் இல்லை.

முன்பு என்றால் பிரமாதம் என்று சொல்லியிருப்பேன்.

"நெசம்தான்டா. ஒண்ணும் கலக்கல நீ. டீத்தூளைக்கூடக் கலக்கல!"

அவன் அடுப்பைத் திரும்பிப் பார்த்தான். டீத்தூள் டப்பா மூடிகூடத் திறக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. சர்க்கரை டப்பாவும் அதன் பக்கத்திலேயே. ஒரு நொடி அவன் முகம் சுருங்கியது, நான் பயந்துவிட்டேன். பிறகு சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தான். மேடையில் ஆயிரம் பேர் ஆடியபோதுகூட அவன் முகத்தில் நான் இதைப் பார்த்ததில்லை. மருந்து இல்லாமல், மாத்திரை இல்லாமல், வெறும் வெந்நீருக்கு.

மீதியையும் குடித்தேன். வெளியே போய்த் துரைக்கண்ணு அண்ணனிடம் சொன்னேன். "என் தம்பி எனக்கு டீ போட்டுக் குடுத்தான் அண்ணே."

"எப்படி இருந்துது?"

"கேவலமா இருந்துது" என்றேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி.